சாரல் காலத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

அவர் சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

எங்கள் வீட்டு முன்னறையில், ஜமுக்காளத்தின் மேல், ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய செருப்பும் வாசலில் நனைந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் பேசவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் பேசக்கூடாது என்று அவர்களாகவே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். காற்றாடி, பச்சை விளக்கு, இருட்டு.

"சூடாகணும். மழைக் குளிரு பாருங்க" என்றார் என் கணவர் சாகுல். அந்தப் பெண்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னார்.

சூடாகட்டும் என்று காத்திருந்தோம். வெளியே சாரல். தென்காசிச் சாரலுக்குக் குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காமல் நடக்கவும் முடியாது. மலையிலிருந்து வரும் காற்று அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து தெளிக்கும். உப்பு ஜாடியில் உப்பு கசிந்து நிற்கும். தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். நாலு நாள் ஆனாலும் காயாத துணியில் ஒரு வாடை அடிக்கும். அந்த வாடைதான் அன்று முன்னறை முழுக்க இருந்தது.

கடைசியில் மேலகரத்துப் பெண் கோமதிதான் வாயைத் திறந்தாள். பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவள். வகுப்பில் ஆர்வமும் கேள்வியும் அவளுக்குத்தான் அதிகம்.

"சார், இன்னைக்கு வேண்டாம்னா நாளைக்கு வாரோம்."

"நாளைக்கு வாங்கம்மா" என்றார். அவர் குரலில் ஏதோ ஒரு நிம்மதி இருந்ததுபோல எனக்குப் பட்டது. அப்போது அதற்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

துபாய் பெட்டி

எண்பதுகளின் கடைசி. எங்கள் ஊர்க் காசி விசுவநாதர் கோயிலின் இடிந்த கோபுரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த சமயம். கோபுரத்தைச் சுற்றிக் கம்பு கட்டியிருந்தது எங்கள் மாடியிலிருந்து தெரியும்.

சாகுல் எனக்கு முறைக்கு மச்சான். கல்யாணத்துக்கு அப்புறமும் அப்படியேதான் கூப்பிட்டேன். துபாயில் ஒரு பெரிய கம்பெனி ஆபீஸில் இருந்தார். பெண் கேட்டு வந்தபோது அவருடைய உம்மா, அதாவது என் மாமி, சொன்னது இவ்வளவுதான்: "பையன் கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கான்." எங்கள் தெருவில் அந்தச் சொல்லை முதலில் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். என் வாப்பாவுக்கு லுங்கிக் கடை. அவர் அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. கடைக்கு வருகிற எல்லோரிடமும் "நம்ம மருமகன் கம்ப்யூட்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வருஷத்துக்கு ஒரு தரம் லீவில் வருவார். செண்டு பாட்டில், பால் பவுடர், போர்வை. நான் வேலையைப் பற்றிக் கேட்டால், "ஏசி ரூம் புள்ள. தூசியே இருக்கக்கூடாது. செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவணும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பக்தி தெரியும்.

பிறகு கம்பெனி கைமாறியது. பலரை அனுப்பினார்கள், இவரையும் அனுப்பினார்கள். பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டபோது இவர் கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டார். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக ஒரு வாடகைக் காரில், மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல அந்தத் திரைப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இனி போகமாட்டேன் பரிதா. இங்கனயே கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கப் போறேன். பொம்பளப் பிள்ளைகளுக்கு. நம்ம வீட்டுலயே."

எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எழுத வரவில்லை. லீவு முடியும் தேதியை எண்ணாமல் புருஷனோடு இருக்கப்போகிறேன் என்பது ஒன்று. நானும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள், அடுப்படியை விட்டு அந்த முன்னறையில் எனக்கும் ஒரு வேலை இருக்கும் என்பது இன்னொன்று.

முன்னறைக்கு வெள்ளையடித்தோம். ஜன்னலுக்குத் திரை தைத்தேன். பெண்கள் வந்தார்கள். கம்ப்யூட்டரில் தேதி போடுவது, மணி போடுவது, தன் பெயரை அடிப்பது, கூட்டல் கழித்தல், பிளாப்பியில் என்ன இருக்கிறது என்று வரிசையாகக் காட்டச் சொல்வது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் தன் பெயர் விழுந்ததைப் பார்த்து ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த ஒரு குடும்பம் ஈரத் தலையோடு எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் உண்டு.

ஒரு மாதம் போயிருக்கும். கோமதி, "சார், இதுக்கு அடுத்து என்ன?" என்று கேட்க ஆரம்பித்தாள். "வரும்மா, வரும். அஸ்திவாரம் சரியா இருக்கணும்" என்பார் அவர். மறுநாளும் தேதி, மணி, பெயர்.

அப்படியிருக்கும்போதுதான் அது நின்றுபோனது.

சாம்பிராணியும் குண்டு பல்பும்

ஈரம்தான் காரணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் வைத்தோம். மாமி சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, குளித்த பிள்ளையின் தலைக்குக் காட்டுவதுபோல அதைச் சுற்றிப் புகை காட்டினார். சாகுல் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார். காலையில் கம்பளியை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போடுவார். காற்றாடி சுற்றும். அவர் அப்படியே நிற்பார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சியை நான்தான் வரச் சொன்னேன். அவர் பிளக்கைப் பார்த்தார், பியூஸைப் பார்த்தார், ஸ்டெபிலைசரைப் பார்த்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சைத் தட்டு, அதன்மேல் நிறுத்திவைத்த அட்டைகள், கறுப்புப் பூச்சிகள் மாதிரிச் சில்லுகள். நானும் அன்றைக்குத்தான் உள்ளே பார்த்தேன்.

"கரண்டு உள்ள வருது, அது நிச்சயம். அதுக்கு மேல நமக்குத் தெரியாது தம்பி. எது எதுக்குன்னு நீங்க சொல்லுங்க, நான் அளந்து பாக்கேன்" என்றார் அண்ணாச்சி.

சாகுல் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் குளிரிலும் அவர் பிடரியில் வேர்வை இறங்கியது.

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டது அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூடியைப் பழையபடி மாட்டினார். டீ குடிக்காமலே போய்விட்டார்.

"துபாயில இருந்து ஸ்பேர் வரணும்" என்று பெண்களிடம் சொன்னார் சாகுல். ஒரு வாரம் வந்து பார்த்தார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கோமதி மட்டும் மேலகரத்திலிருந்து சைக்கிளில் வந்து வாசலில் கால் ஊன்றி, "சார், ஸ்பேர் வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

தெருவில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்வி. அவர் முன்வாசல் வழியாகப் போவதை விட்டார். கொல்லைப்புறமாகப் போய்க் கொல்லைப்புறமாக வருவார். எங்கள் தெருப் பள்ளிவாசலை விட்டு எங்கோ தள்ளியிருக்கும் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனார். முகச்சவரம் நின்றது. பகலிலேயே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சோற்றுத் தட்டை வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார்.

நான் கிட்டே போய் உட்கார்ந்தால், "தலவலி" என்பார்.

ஒரு மிஷின் நின்றதற்கா ஒரு மனுசன் இப்படி ஆவான்? எனக்கு விளங்கவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமி தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். அதையும் குடித்தார்.

ஐந்தருவியில்

"குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போ. தலையில தண்ணி விழுந்தா தெளிஞ்சிருவான்" என்றார் மாமி.

சீசனில் ஊரே வந்து குவிகிற நாளை விட்டுவிட்டு, ஒரு நடுவாரத்துக் காலையில் பஸ் ஏறினோம். ஐந்தருவியில் தண்ணீர் நிறைய விழுந்தது. பாறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மிளகாய் பஜ்ஜி வாசனை, ஈர வேட்டி, குரங்குகள், மங்குஸ்தான் விற்பவர்களின் கூவல். நான் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்தபோது அவர் குளிக்கவே இல்லை. வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாரலில் சட்டை ஒட்டிக் கிடந்தது.

பக்கத்தில் போய் நின்றேன். அவர் உதடு அசைந்தது. அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன மச்சான்?"

மறுபடி சொன்னார். கேட்கவில்லை.

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க!"

அவர் என் பக்கம் திரும்பிக் கத்தினார். "நான் கூட்டிப் பெருக்குறவன் புள்ள!"

பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தேன்.

"கம்ப்யூட்டர் ரூம்ல வேலைன்னு சொன்னது பொய்யில்ல. அந்த ரூமக் கூட்டுறது, தொடைக்கிறது, பேப்பர் கட்டத் தூக்கி வைக்கிறது, டீ கொண்டு வாறது. அதான் வேலை. அங்கன ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பொண்ணு நல்ல பிள்ள. எல்லாரும் போன பொறவு என்னைய உக்கார வச்சு, தேதி போட, பேரடிக்க, கூட்ட, கழிக்கச் சொல்லிக் குடுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். அம்புட்டையும் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"அப்ப இந்த வகுப்பு எதுக்கு மச்சான்?"

"வேற என்ன சொல்லிட்டு ஊர்ல இருக்கச் சொல்லுத?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது. அவர் நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். தலையைத் துவட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். இலஞ்சிப் பக்கத்து வயலெல்லாம் தண்ணீர் நிறைந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது.

ஒரு நீளம், இரண்டு குட்டி

மறுநாள் கம்ப்யூட்டர் வந்த அட்டைப் பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கினேன். அதற்குள் தடிமனாக ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். கடைசியில் சில பக்கங்கள், மிஷின் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று.

தினமும் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரிக்கு நாலு சொல் பார்க்கவேண்டும். ஆனால் புத்தகம் பொறுமையான ஆள் எழுதியது. முதலில் பிளக்கைப் பிடுங்கு. மூடியைத் திற. அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்று. ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போட்டுக் காதால் கேள்.

காதால் கேட்கச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்பேர் வந்ததா என்று கேட்க வந்த கோமதியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன். அவள் ஸ்க்ரூவெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொண்டாள். முதல் அட்டையைக் கழற்றினோம். சத்தமில்லை. மாட்டினோம். அடுத்ததைக் கழற்றினோம். சத்தமில்லை. இரண்டு நாள் மத்தியானம் இப்படியே போனது. கடைசியாகத் திரைக்குப் போகும் ஒயர் மாட்டியிருந்த அட்டை. அது நகரமாட்டேன் என்றது. ஆட்டி ஆட்டி எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

நீளமாக ஒரு கூவல். பிறகு குட்டியாக இரண்டு.

கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தில் தேடினோம். திரை அட்டையைக் காணவில்லை என்று சொல்கிறதாம். அதாவது மூளை நன்றாக இருக்கிறது, கண்தான் போயிருக்கிறது.

அட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பொத்தலில் போய் உட்காரும் ஓரத்தில், தங்க நிறப் பற்களின் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. எங்கள் சாரல் செய்த வேலை. அழிரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம் என்று புத்தகமே சொன்னது. தேய்த்தேன். ரப்பர் கறுத்துக்கொண்டே வந்தது, பற்கள் மின்ன ஆரம்பித்தன. துணியால் துடைத்துத் திரும்ப அழுத்தி மாட்டினேன்.

சுவிட்சைப் போட்டதும் திரையில் பச்சையாக எண்கள் ஓடின. பிறகு தேதி என்ன என்று கேட்டுவிட்டுக் காத்து நின்றது.

"மச்சான்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமி தொழுகைப் பாயிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அவர் கொல்லையிலிருந்து வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அந்த முகத்தில் இல்லை. போலீஸ்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பவர் முகம் அது.

"சார், வந்துட்டு!" என்றாள் கோமதி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. "எல்லாத்தையும் வரச் சொல்லுதேன். இனி புதுப் பாடம்தானே?"

"ஆமாம்மா" என்றார்.

அவள் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும்வரை நின்றுவிட்டு, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அது கெட்டுக் கெடந்த வரைக்கும் நான் மிஷின் கெட்டுப்போன வாத்தியாரு. இப்ப நான் யாரு?"

பிளக்

"புஸ்தகம் இருக்குல்லா. சேந்து படிப்போம். நாம ஒரு பாடம் முந்திப் படிச்சாப் போதும்" என்றேன்.

மறுக்கவில்லை. சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எட்டாவதோடு நின்றவர். இங்கிலீஷ் எழுத்துகளைத் துபாயில் போர்டுகளைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார். வரிக்குக் கீழே விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டுவார். ஒரு சொல்லை முடிக்கும்போது அதன் தொடக்கம் மறந்திருக்கும். நான் சொல்லிக்கொடுத்தால், "ம், ம்" என்பார். அரைப் பக்கம் தாண்டவில்லை. புத்தகத்தில் அவர் விரல் வைத்த இடமெல்லாம் ஈரம்.

பெண்கள் திரும்ப வரும் நாள் வந்தது. காலையில் நான் மாவரைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவர் குரல் கேட்டது.

"இன்னைக்கும் ஏதோ கோளாறும்மா. கிளம்ப மாட்டேங்குது."

கையைக் கழுவாமலே எட்டிப் பார்த்தேன். பெண்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். சுவிட்சை அவர் போட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை காற்றாடிகூடச் சுற்றவில்லை. மேஜைக்குப் பின்னால் பிளக் தரையில் கிடந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் பிளக்கைப் பார்த்ததையும் பார்த்தார்.

கோமதி, "அன்னைக்கு நல்லா வேலை செஞ்சுதே அக்கா?" என்று என்னிடம் கேட்டாள். "மழைதாம்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே கடையநல்லூருக்குப் போய் விசா ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த சாரலுக்குள் புறப்பட்டார். நான் போகாதீங்க என்று ஒரு தரம் சொன்னேன். "இங்கன இருந்தா செத்துருவேன் புள்ள" என்றார்.

கோமதியும் நானுமாக அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நாள் ஓட்டினோம். புத்தகத்தில் பாதி வரை போனோம். அதற்குள் மெயின் ரோட்டில் போர்டு போட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்துவிட்டது. கோமதி அங்கே போனாள், பிறகு மெட்ராஸுக்குப் போனாள். முன்னறைத் திரைச்சீலையை அவிழ்த்துத் தலையணை உறை தைத்தேன்.

மறைப்புக்கு இந்தப் பக்கம்

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். அவர் வந்திருந்த சமயம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் நாங்கள். அங்கே பேசுவது அப்படியே கேட்கும்.

காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் உரக்கக் கேட்டார். "என்ன சாகுலு, இப்பவும் அங்கன கம்ப்யூட்டர்தானா?"

நான் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தேன்.

"இல்ல காக்கா. கக்கூஸ் கழுவுதேன், தரை தொடைக்கேன். முன்னயும் அதான் செஞ்சேன்."

அந்த வரிசை முழுவதும் சிரித்தது. "பாத்தியாலே, எவ்வளவு பெரிய எடத்துல இருக்கான், எப்படிப் பேசுதான் பாரு" என்றார் காக்கா. "இந்தப் பணிவு நம்ம பயலுவளுக்கு வருமா?"

"நெசமாத்தான் சொல்லுதேன் காக்கா."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்த பெண்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "உங்க வீட்டுக்காரரு நல்லாப் பேசுதாரு" என்று ஒருத்தி என் தொடையைத் தட்டினாள்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் குரல் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.